ஆனிக் காற்றில் ஓர் எட்டு

காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்க்கக் கோகிலவாணி துப்பட்டாவின் முடிச்சை அவிழ்த்து நுனியை மட்டும் பிடித்துக்கொண்டாள். அது கிழக்கே பார்த்துப் படபடவென்று பறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்காரன் வந்துவிட்டான். ஆனி மாதம் உடுமலைக்கு அவன் வராமல் இருந்தால்தான் அதிசயம், வந்தான் என்றால் ஆவணி வரைக்கும் கதவையும் ஜன்னலையும் தட்டிக்கொண்டே கிடப்பான், சரி, வரட்டும், போன டெஸ்ட்டின்போதும் இருந்தான், அதற்கு முந்தின டெஸ்ட்டில் சித்திரை வெயிலில் ஓர் இலைகூட அசையவில்லை, அப்போதும் அவள் காலை ஊன்றித்தானே தொலைத்தாள், ஆகவே காற்றின் மேல் பழியைப் போட முடியாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் தரையில் வெள்ளைக் கோட்டால் எட்டு வரைந்திருந்தார்கள். இரண்டு வட்டம், நடுவில் ஒட்டிக்கொள்ளும் ஓர் இடுப்பு. ஸ்கூட்டரில் அதைச் சுற்றி வரவேண்டும், கால் தரையில் படக்கூடாது, கோட்டைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் லைசென்ஸ். கல்லூரிப் பிள்ளைகள் வாயில் எதையோ மென்றுகொண்டே போட்டுவிட்டுப் போகிறார்கள். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷம் ஜெர்மனியில் ஒரு சாய ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், லீவு கிடைத்தபோதெல்லாம் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தன்னந்தனியாக ஐரோப்பாவைச் சல்லடையாகச் சலித்தவள், ரயிலில், படகில், டிராமில், மலையேறும் பஸ்ஸில், கூட யாரும் இல்லாமல், யாரையும் கேட்காமல். ஊருக்குத் திரும்பி வந்த இந்த இரண்டு வருஷத்தில் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கவேண்டுமென்றாலும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த யாராவது எப்போதும் சென்னியப்பன் அண்ணன்தான். அண்ணனுக்கு அறுபது ஆகப்போகிறது, போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள், காரை எடுத்துக்கொண்டு அலையாதீர்கள் என்றார் டாக்டர், அவரும் மற்றவர்களுக்காக அலைவதை நிறுத்திவிட்டார், இவளுக்காக அலைவதை மட்டும் நிறுத்தவில்லை. போன் பண்ணினால் போதும், இரு அம்மணி, வர்றேன் என்று தேங்காய் மண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்பார். பல் ஆஸ்பத்திரி வாசலில், பாங்கி வாசலில், உழவர் சந்தை வாசலில் காருக்குள்ளேயே காத்திருப்பார். காத்திருக்கும்போது தூங்கிப்போவார், வாய் லேசாகத் திறந்திருக்கும், அந்த முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு கார்க் கதவைத் திறக்காமல் நிற்பாள். அதனால்தான் இரண்டாவது தடவையும் தவறிய அன்றைக்கு, சாப்பிடும்போது அவளே சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை பாக்கறனுங்கண்ணா, அதுலயும் ஆகலீன்னா வாய்க்கால் வூட்டைக் காலி பண்ணீட்டு உங்க மாடிக்கே வந்தர்றேன். யாரும் கேட்கவில்லை, கட்டாயப்படுத்தவில்லை, கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். மல்லிகா அண்ணிக்கு முகம் மலர்ந்துபோயிற்று. அண்ணன் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். வாய்க்கால் வீடு ஊருக்கு வெளியே, தென்னைகளுக்கு நடுவில், இரண்டே அறை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் ஓடும் சத்தம். காபியை அவள் இஷ்டத்துக்கு ஆறவிட்டுக் குடிப்பாள், மத்தியானம் தோன்றினால் தரையில் படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் அவள் ஒரு தீவு. அண்ணன் வீட்டு மாடியில் எல்லாம் இருக்கும், ஏ.சி. இருக்கும், அண்ணி தட்டில் வைத்துக் கொண்டுவரும் போண்டா இருக்கும். எங்க போறே என்று யாரும் கேட்காத ஒரு வாசல் மட்டும் இருக்காது. அதோ, தூங்குமூஞ்சி மரத்தடியில் கார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு நேரமாக ஒரே பக்கம்.

"ஏனுங்கம்மணி, துணி காயப் போடறீங்களாக்கும்?"

பக்கத்தில் நின்றவர் கேட்டார். பால்காரர் நாச்சிமுத்து. வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்பவர், காலையிலிருந்து அவளுக்குத் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பவர். முப்பது வருஷமாக லைசென்ஸ் என்று ஒன்று இல்லாமலே வண்டி ஓட்டியவர், இப்போது மகளுக்குப் போலீஸ்கார மாப்பிள்ளை அமைந்துவிட்டது.

"காத்து எந்தப் பக்கம்னு பாத்தனுங்க," என்று துப்பட்டாவை மறுபடியும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"காத்து எந்தப் பக்கம் அடிச்சா நமக்கென்னங்க, நாம போற பக்கம் போகவேண்டியதுதான். மாப்பிள்ளை சீர் ஒண்ணும் கேக்கலீங்க. மாமா, கல்யாணத்துக்கு முன்னாடி லைசென்ஸ் மட்டும் எடுத்துருங்க, என்ற மானத்தக் காப்பாத்துங்கன்னாரு. இப்படி ஒரு சீரை எங்கீங்க கேள்விப்பட்டிருக்கீங்க?"

"நீங்க கண்ண மூடீட்டுப் போட்டுருவீங்க."

"கண்ண மூடீட்டுத்தானுங்க முப்பது வருசமா போயிட்டிருக்கேன். விடியால மூணு மணிக்கு யாரு முழிச்சிருக்காங்க? வண்டிக்கே வீடு தெரியுமுங்க."

அவள் சிரித்தாள். அவர் சட்டையிலிருந்து பால் வாசனை வந்தது, காய்ச்சாத பால், கொஞ்சம் புளிப்போடு, அந்த வாசனை, எங்கேயோ, ஆமாம், ப்ளோவ்டிவ், பல்கேரியா, அந்த அம்மாளின் வீடு. சரிவில் மாடி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிற பழைய வீடு, அதில் ஓர் அறை அவளுக்கு, காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மண்சட்டி நிறையத் தயிர். ஊரில் தயிரைக் கண்டால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறவள் அவள். அங்கே தலையை மேலும் கீழும் ஆட்டினால் வேண்டாம் என்று அர்த்தம், பக்கவாட்டில் ஆட்டினால் வேண்டும் என்று அர்த்தம், அது அவளுக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் என்று அந்த அம்மாள் கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள், போதும், சரி, ரொம்ப நல்லா இருந்துச்சு என்பதையெல்லாம் சேர்த்து இவள் நம் ஊர் ஆட்டலாகத் தலையை இப்படியும் அப்படியும் சாய்ப்பாள், உடனே சட்டி நிறைந்துவிடும். சரி, நன்றாகத் தெளிவாகத்தான் சொல்வோமே என்று மறுநாள் இன்னும் பலமாக ஆட்டினாள். அந்த அம்மாள் கண் கலங்கிப்போய் உள்ளே ஓடி இரண்டாவது சட்டியைக் கொண்டுவந்துவிட்டாள், இத்தனை ஆசையாகத் தன் தயிரை வாழ்நாளில் ஒருவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கடைசி நாள் அவளுடைய பேரன் வந்து விளக்கினான், மூன்று பேருமாகச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் அந்த அம்மாள் கரண்டியைத் தூக்கிப் புருவத்தை உயர்த்தினாள், இவள் தெரிந்தே பக்கவாட்டில் ஆட்டினாள். அந்தத் தயிர் பிடித்துப்போய்விட்டிருந்தது. ரயிலில் ஏறின பிறகுதான் அது புரிந்தது.

"அக்கா, தரையைப் பாக்காதீங்க," என்று கிட்டுச்சாமி மாஸ்டர் நாலாவது தடவையாக வந்து சொல்லிவிட்டுப் போனார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், அவளைவிடப் பத்து வயது சின்னவர், அவளுடைய ஸ்கூட்டரை இங்கே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியவர். "தரையைப் பாத்தீங்கன்னா தரைக்குத்தான் போவீங்க. அப்பறம் ஆடு மாடு எது வந்தாலும் போயிட்டே இருங்க, புரிஞ்சுதுங்களா?"

புரிந்தது. போன தடவை ஆடுதான். முதல் வட்டம் அழகாக வந்துவிட்டது, இடுப்புக்கு வந்தாள், வலது பக்கத்திலிருந்து ஒரு வெள்ளாடு நிதானமாக நடந்து வந்தது. வலது பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விடவேண்டும், அது ஜெர்மனியில் தெருவில் நடக்கிறவனுக்குக்கூட ரத்தத்தில் ஊறிவிடுகிற சட்டம். கை தானாக பிரேக்கைப் பிடித்தது, கால் தானாகத் தரையைத் தொட்டது, ஆடு அவளைப் பார்த்துவிட்டுப் போயிற்று. பிரேக் இன்ஸ்பெக்டர் மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சின்னப் பெண், தொப்பிக்குள் கொண்டையைத் திணித்து வைத்திருப்பவள், அவளே சிரித்துவிட்டாள். ஏம்மா, ஆட்டுக்கு ஹாரன் அடிக்கணும், இப்படி நின்னு கும்பிடக் கூடாது. மைதானமே சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து வாய்க்கால் படியில் உட்கார்ந்து அழுதாள்.

காற்று ஒரு தடவை ஓங்கி அடித்தது, மைதானத்தின் புழுதி எழுந்து வந்து எல்லோர் முகத்திலும் அறைந்தது, எல்லோரும் ஒரே மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். இத்தாலியில் திரியெஸ்தெ என்ற ஊரில் இப்படித்தான் எல்லோரும் ஒன்றாகத் திரும்புவார்கள். மலையிலிருந்து கடலுக்கு இறங்குகிற அந்தக் காற்றுக்கு ஒரு பெயரே உண்டு, போரா, வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி செல்லமாகக் கூப்பிடுவார்கள், அவள் வருகிற நாட்களில் தெருவோரம் பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டியதுண்டு என்று ஹோட்டல்காரர் சொன்னபோது இவள் நம்பவில்லை. மறுநாள் ஒரு முக்கில் திரும்பினாள், காற்று அவளைத் தூக்கிப் பக்கத்துச் சுவரில் வைத்தது. வைத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பெண் ஒட்டிக்கொண்டிருந்தாள், ஆபீசுக்குப் போகிறவள் போல, ஒரு செருப்பு போய்விட்டிருந்தது. இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. அவள் கையை நீட்டினாள், இவள் பிடித்துக்கொண்டாள், கையோடு கை கோத்து, குனிந்து, இரண்டு எருமை மாதிரி முட்டிக்கொண்டு மூன்று தெரு நடந்தார்கள், ஒவ்வொரு முக்கிலும் சிரிப்பு, சிரித்தால் வாய்க்குள் காற்று போய்ச் சிரிப்பையே அடைத்துவிடும். ஒரு கதவு முன்னால் அவள் நின்று இவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு உள்ளே போய்விட்டாள். பெயர்கூடத் தெரியாது. கடல் அன்றைக்குக் கழுவின அம்மிக்கல் நிறம். அவளுக்கு ஊர்கள் நிறமாகத்தான் நினைவில் தங்கும், ஆய்வகத்தில் அவள் வேலையே அது, இரண்டு துணித்துண்டுகளை விளக்கடியில் வைத்து இரண்டும் ஒன்றுதானா என்று சொல்வது. ஆலையில் நிறங்களுக்கு எண்கள் கொடுத்திருந்தார்கள், வாயில் எண்ணைச் சொல்வாள், மனசு மட்டும் ஜவுளிக்கடைக்காரர் சேலையை உதறிப் போடும்போது சொல்கிற பெயரைத்தான் சொல்லும். மாந்துளிர், மயில்கழுத்து, மிளகாய்ப்பழச் சிவப்பு. ருமேனியாவில் சிபியு என்று ஓர் ஊர், ஓட்டுக் கூரையெல்லாம் வெங்காயச் சருகு, ஒவ்வொரு கூரையிலும் பாதி மூடின கண் மாதிரி ஜன்னல், ஊர் முழுக்கத் தூக்கக் கலக்கத்தில் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அண்ணன் காரில் தூங்குகிற மாதிரி. இல்லை, அவர் தூங்கவில்லை, பேப்பர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதற்கு மேலே அவர் நெற்றி.

அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்? அவள் தவற வேண்டும் என்றா? சே, அண்ணனா. ஆனால் அவர் மகன் கோயமுத்தூரில், மகள் கல்யாணமாகிப் போயாயிற்று, வீட்டில் எட்டு அறை, இரண்டு பேர். அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போகும்போது அவர் பாட்டுப் போடுவார், அண்ணி இருந்தால் போடமாட்டார். காய்கறிப் பையைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்துவிட்டு, எங்க, அம்மணி, அந்த மீன்கார ஊர்க் கதையை இன்னொருக்கா சொல்லு என்பார், அவள் நார்வேயில் பெர்கன் ஊரின் மழையைச் சொல்வாள், அங்கே குழந்தைகள் வெயில் அடித்தால் பயப்படும் என்று கொஞ்சம் சேர்த்தும் சொல்வாள், அவர் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டு சிரிப்பார். அதையும் சேர்த்துத்தான் இன்றைக்கு அவள் இந்த எட்டில் பணயம் வைத்து ஓட்டப்போகிறாளா? அது ஏன் இப்போது தோன்றுகிறது? போன தடவை தோன்றவில்லையே. போன தடவை ஒருவேளை அதுதான் காலாக இறங்கி ஊன்றிக்கொண்டதோ. வேண்டாம், வேண்டாம், இதைப் பிடித்துக்கொண்டால் விடாது, ஆடு வந்ததால் ஊன்றினேன், அவ்வளவுதான்.

"நாச்சிமுத்து!"

"வந்தனுங்க!" பால்காரர் மருமகப்பிள்ளை வாங்கிக் கொடுத்த புது மொபெட்டை உருட்டிக்கொண்டு போனார், ஏறினார், நெஞ்சை நிமிர்த்தினார், பத்தடி போனார், வண்டி குடித்தவன் மாதிரி இடது பக்கம் போய், வலது பக்கம் போய், யோசித்து, மெல்லப் படுத்துக்கொண்டது. அவர் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அடி ஒன்றும் இல்லை, முகத்தில் ஆச்சரியம் மட்டும்.

"என்னங்கய்யா, முப்பது வருஷம்னீங்க?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"கேன் இல்லீங்களே! ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கோணுமுங்க. வெறும் வண்டியை நான் ஓட்டுனதே இல்லீங்க. பொசுக்குனு இருக்குதுங்க, பிடிமானமே இல்ல."

"கேன் இருந்தா ஓட்டிருவீங்களா?"

"ஓட்டறதா? ஒரு சொட்டுச் சிந்தாதுங்க."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பேனாவால் தொப்பியைத் தூக்கிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "சரி, போய்க் கட்டிட்டு வாங்க. கடைசியா பாக்குறேன். அடுத்து கோகிலவாணி, ரெடியா இருங்க. ஹெல்மெட் போடுங்க."

ஹெல்மெட்டுக்குள் தலை போனதும் உலகம் சட்டென்று தூரப் போய்விட்டது, தன் மூச்சுதான் பெரிதாகக் கேட்டது. தொப்புளுக்குக் கீழே அது புரண்டது. வந்துவிட்டாயா. ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள், கோகிலாவுக்கு என்ன, ஒண்டியாக உலகம் சுத்தினவள், பயமே கிடையாது என்று. எப்போது இல்லாமல் இருந்தது? ஒவ்வொரு தடவையும், ரயில் அசைந்து பிளாட்பாரம் பின்னால் நகரத் தொடங்கியதும், இதே இடத்தில், இதே புரளல், கதவைத் திறந்து குதித்து அறைக்குப் போய் ரசம் வைத்துச் சாப்பிட்டுப் படுத்துவிடலாமா என்று. பெல்ஜியத்தில், கெண்ட் ஊரில் காய்ச்சல் வந்து கிடந்தபோது, இங்கே செத்துப்போனால் வாசலில் இருக்கிற என் செருப்பை யார் எடுத்துவைப்பார்கள் என்று நினைத்தாள், செருப்பைப் பற்றி எதற்கு நினைத்தாளோ. பிறகு எப்போதும் அந்த முதல் வளைவு வரும். ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடம், ரயில் சாய்ந்து திரும்பும், வயிற்றில் புரண்டது அப்படியே மேலே ஏறி நெஞ்சுக்குள் வந்து வேறொன்றாக மாறிவிடும், சிரிப்பாக, பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். இது வந்தால் பின்னாலேயே அது வரும் என்று வயிற்றுக்குத் தெரியும், மனசுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு தடவை அந்தச் சிரிப்பு வரவில்லை. டெசல் தீவில், வட கடல் ஓரம், வேலையை விட்டுவிட்டு வருவதற்கு முந்தின ஆகஸ்ட்டில். மணல்மேட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தாள். ஹாலந்தில் அவள் ஒருத்திதான் நடப்பாள், பால் பல் விழாத குழந்தைகூட சைக்கிளில் அவளைத் தாண்டிப் போகும். ஏன் நடக்கிறாய் என்று கேட்டால் எனக்கு நடப்பதுதான் பிடிக்கும் என்பாள், ஆய்வகத்தில் கூட வேலை பார்த்த அன்னெக்ரெட் ஒவ்வொரு வசந்தத்துக்கும் ரைன் நதியோரம் சைக்கிளில் போகலாம் வா என்று கூப்பிடுவாள், அவளிடமும் அதையேதான் சொன்னாள், இருபத்திரண்டு வசந்தம். பள்ளிக்கூடம் எதிர்வீடு மாதிரி பக்கத்தில் இருந்ததால் சின்ன வயசில் சைக்கிள் பழகத் தேவை வரவில்லை, தேவை வந்தபோது வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள், அப்போது அவளுக்கு இருபத்தாறு. அன்றைக்குப் பின்னாலிருந்து மணிச் சத்தம். ஒதுங்கினாள். கிழவிகள், ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் எழுபது இருக்கும், வெள்ளைத் தலையும் பூப்போட்ட பாவாடையும் கடல் காற்றில் உப்பிக்கொண்டு, மேட்டிலிருந்து இறக்கத்தில் காலைத் தூக்கி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, ஓவென்று கத்திக்கொண்டு போனார்கள். கடைசிக் கிழவி அவளைப் பார்த்து மணியை இன்னொரு தடவை அடித்துவிட்டு என்னவோ சொன்னாள், வா என்பது மாதிரி இருந்தது. அவர்கள் புள்ளியாகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தாள். இந்த லைசென்ஸ் கொத்தமல்லிக்காக மட்டும் என்றால் ஆட்டோ போதுமே.

"கோகிலவாணி! என்னம்மா, தூங்கிட்டீங்களா?"

"இல்லீங்க." வண்டியைக் கிளப்பினாள். இன்ஸ்பெக்டர் தலையை இப்படி ஒரு பக்கம் சாய்த்தாள். இது எந்த ஊர் ஆட்டல்? நம் ஊர்தான். போ என்று அர்த்தம்.

கை திருகியது, வண்டி நகர்ந்தது, கால்கள் இரண்டும் மேலே வந்து பலகையில் உட்கார்ந்தன, தரையைப் பார்க்காதே, பார்க்கவில்லை, இடது வட்டம், காற்று முதுகில், நல்ல காற்று, தள்ளுகிறது, தள்ளட்டும், வளைவு வந்தது, இங்கேதான் காற்று முகத்துக்கு வரும், வந்தது, வாடி போரா, குனிந்து முட்டினாள், வண்டி ஒரு கணம் நடுங்கி யோசித்தது, ஊன்று ஊன்று என்றது வலது கால், இரு என்றாள், போர்ச்சுகலில் டூரோ ஆற்றங்கரையில் ரயில் போகிறது, பாசிப்பயறு நிறத் தண்ணீர், திராட்சைத் தோட்டம் படிப்படியாக, பின்யோன் ஸ்டேஷன் சுவரெல்லாம் நீல ஓடு, அழகாக இருக்கிறதே என்று இறங்கிவிட்டாள், ரயில் போய்விட்டது, அடுத்தது எப்போது என்று தெரியாது, பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள், கவலையே வரவில்லை, கவலை வரவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது, ஓர் ஆரஞ்சை உரித்தாள், இடுப்பு, ஆடு இல்லை, வலது வட்டம், இந்தப் பக்கம் எப்போதும் கொஞ்சம் கஷ்டம், கோடு சக்கரத்துக்கு அடியில் வருகிறது, வராதே, வரவில்லை, கெர்லிட்ஸில் ஒரு சின்னப் பாலம், நடுவில் நின்றால் ஒரு கால் ஜெர்மனி ஒரு கால் போலந்து, யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ரொட்டி வாங்க அந்தப் பக்கம் போனாள், தேநீர் குடிக்க இந்தப் பக்கம் வந்தாள், மறுபடியும் போனாள், சும்மா, போய்வர முடிகிறது என்பதற்காகவே, காற்று மறுபடியும் முதுகுக்கு வந்தது, அந்த முதல் வளைவு, ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடம், வயிற்றில் கிடந்தது புரண்டு எழுந்து நெஞ்சுக்கு வந்தது, வந்தேவிட்டது, ஹெல்மெட்டுக்குள் யாரோ சத்தமாகச் சிரிக்கிறார்கள், இடுப்பு, முடிந்தது, கோட்டுக்கு வெளியே போய் நிறுத்தவேண்டும், எதற்கு நிறுத்தவேண்டும், இடது வட்டம், சாய்ந்தால் வண்டியும் சாய்கிறது, நிமிர்ந்தால் நிமிர்கிறது, இவ்வளவுதானா, இத்தனை நாள் இவ்வளவுதானா, வலது வட்டம், யாரோ கத்துகிறார்கள், கத்தட்டும், புழுதி, தூங்குமூஞ்சி மரம், ஒரு கார், காருக்கு வெளியே பேப்பரோடு ஓர் ஆள், இடுப்பு, இடது வட்டம்.

"ஏம்மா! ஏய்யம்மா! போதும்! எட்டுத்தானே கேட்டேன், எண்பத்தெட்டுப் போட்டுக்கிட்டு இருக்கீங்க!"

இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட வண்டிக்கு முன்னால் வந்துவிட்டாள். கோகிலவாணி பிரேக்கைப் பிடித்து, வெகு மரியாதையாக இரண்டு காலையும் ஊன்றினாள். மைதானம் கை தட்டியது. இரண்டு பக்கமும் பளபளவென்று கேன் தொங்க மொபெட்டில் வந்து நின்ற நாச்சிமுத்து, "என்ற எட்டையும் சேத்தி அம்மணியே போட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்களே, நான் அப்பிடியே வூட்டுக்குப் போகட்டுங்களா?" என்றார்.

"பாஸ்," என்றாள் இன்ஸ்பெக்டர், சிரிப்பை அடக்க முடியாமல். "லைசென்ஸ் தபால்ல வரும். அது வர்ற வரைக்கும் யார் வீட்டு முன்னாடியும் போய் எட்டுப் போட்டுக்கிட்டு நிக்காதீங்க."

ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் முழுக்கப் புழுதியும் வேர்வையும், காது இரண்டும் எரிந்தன. அண்ணன் நடந்து வந்துகொண்டிருந்தார், பேப்பரைக் காற்று பிடுங்கப் பார்க்க அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. பக்கத்தில் வந்து நின்றார். ஸ்கூட்டரைப் பார்த்தார், அதன் கண்ணாடியைத் தொட்டுக் கொஞ்சம் திருப்பி வைத்தார், மறுபடியும் பழையபடி திருப்பினார்.

"மாடிக்கு நேத்துத்தான் பெயிண்ட் அடிச்சு முடிச்சாங்க," என்றார். "ஆகலீன்னா நீ வருவியேன்னு."

அவளுக்கு ஒரு கணம் நெஞ்சில் ஏறியது கண்ணுக்கு வந்தது. "என்ன கலருங்கண்ணா?"

"எனக்கென்ன தெரியும், உனக்குத்தான் அதுக்கெல்லாம் பேர் தெரியும். ஒரு மாதிரி மஞ்சள்."

"லைசென்ஸ் கைக்கு வந்த மொத ஞாயித்துக்கிழமை வந்து பாத்துப் பேர் சொல்றனுங்க. அண்ணிகிட்ட மத்தியானத்துக்கு எனக்கும் சேத்தி வைக்கச் சொல்லுங்க. சாப்டுட்டு, கதை பேசீட்டு, பொழுதோட கிளம்பறேன்."

"கதைன்னா எந்தக் கதை?"

"நீங்க எந்தக் கதை கேட்டாலும்."

"சரி," என்றார் அண்ணன். "எப்பிடி வருவே? நான் வந்து..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். கை சட்டைப்பையில் கார்ச் சாவியைத் தேடிப் போயிருந்தது, அதை அங்கேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது, சின்னதாக, அவருக்கே பழக்கமில்லாத மாதிரி.

"வா," என்றார். "காத்து ஜாஸ்தி. ஓரமாவே வா."